உச்சியில் திறக்கிற டப்பா

தம்பி,

ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக மெசேஜ் போட்டிருந்தாய். "ரீச் ஆயிட்டேன்மா." அவ்வளவுதான். உங்கப்பாவிடம் காட்டினேன். "அதான் போய்ச் சேந்துட்டான்ல, வேற என்ன எழுதணும்?" என்று சொல்லிவிட்டுக் காயப்போட்ட துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போய்விட்டார். அப்பனும் மகனும் ஒரே அச்சு. எனக்கு அப்படி ஒரு வரியில் முடித்துவிட்டுப் போக வராது. போன சனி, ஞாயிறு நடந்ததெல்லாம் நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு நிற்கிறது. போனில் சொல்லலாம் என்றால் நீ "ம், ம்" என்பாய், நடுவில் ஆபீஸ் கால் வந்துவிடும், "அப்புறம் பேசறேன்மா" என்று வைத்துவிடுவாய். அந்த அப்புறம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நீ தையில் மாப்பிள்ளை ஆகப் போகிறவன். அதற்கு முன்னால் உனக்குச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது. அம்மா கொஞ்சம் என்று சொன்னால் எவ்வளவு என்று உனக்குத் தெரியும், தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் நன்றாகத் தூங்கினேன். பால்காரர் மணியடித்த பிறகுதான் கண் விழித்தேன். உனக்கு இது ஒரு செய்தியாகவே படாது. ஆனால் இரண்டு வருஷமாக அந்த மணிக்கு வெகுநேரம் முன்பே விழித்துக்கொண்டு, மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தபடி கிடந்தவள் நான். அம்மா மண்டபம் ரோட்டில் முதல் டவுன் பஸ் போகிற சத்தம் கேட்கிற வரைக்கும் உன் காலைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருப்பேன். இப்போது அந்த முதல் பஸ் எப்போது போகிறது என்றே தெரியவில்லை. அப்பாடா என்று இருக்கிறது.

அந்தக் கொள்ளிடம் பாலத்து மழையைப் பற்றி நாம் இருவரும் பேசியதே இல்லை. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு நடந்தது. வண்டி சறுக்கி, வலது தொடை எலும்பு முறிந்து, கம்பி வைத்து, அது சரியாகக் கூடவில்லை என்று மறுபடி திறந்து, நீ கட்டிலிலும் வாக்கரிலும் ஊன்றுகோலிலுமாகக் கழித்த காலம் அது. கல்யாணத்தைத் தள்ளிவைத்தோம். காட்டூரில் சுகந்தி வீட்டார் தங்கமானவர்கள். "கால் சரியாகட்டுங்க, அதுக்கப்புறம் பாத்துக்கலாம், அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார்கள். சுகந்தி லேப் வேலை முடிந்து பஸ் மாறிப் பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்கு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து மொபைலில் உனக்கு என்னத்தையோ காட்டிச் சிரித்துவிட்டுப் போவாள். யாருமே அவசரப்படவில்லை. ஆனால் நீ நடக்க ஆரம்பித்து, வேலைக்கும் திரும்பிப் போன பிறகும், தேதி குறிக்கலாமா என்று கேட்டால் "பாக்கலாம்மா" என்றாய். ஆடி போனதும் கேட்டேன், பாக்கலாம். தீபாவளிக்குக் கேட்டேன், பாக்கலாம். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கையில் இருக்கிற கரண்டியை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பேன்.

அப்புறம்தான் கார்த்திகை பிறந்து நீ அந்த போன் செய்தாய். நான் அடுப்பில் ரசம் வைத்திருந்தேன். "அம்மா, இந்தச் சனி ஞாயிறு வரேன். மலைக்குப் போலாம்" என்றாய். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உடனே அடுத்ததைச் சொன்னாய். "ஞாயித்துக்கிழமை அய்யர்மலை ஏறிட்டேன்னா தையில தேதி பாக்கச் சொல்லு. முடியலன்னா சுகந்திகிட்ட நானே பேசிடறேன். அவளும் எவ்ளோ நாள் காத்துக்கிட்டு இருப்பா? வேற எடம் பாத்துக்கட்டும். அப்பாகிட்ட சொல்லாத." ரசம் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துபோனது. அந்தப் பெண் உன் தொடை எலும்பைப் பார்த்தா சரி என்று சொன்னாள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. நான் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தவள். அடுத்தவர் பேசுவது காதில் விழுந்தாலும் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகியவள். "சரிடா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்தவுடன் உங்கப்பாவிடம் சொல்லிவிட்டேன். டெலிபோன் ஆபீஸ் பெருமை அவ்வளவு நேரம்தான் தாங்கியது. உன்னோடு சேர்ந்து அவருக்கு நான் ஒளிக்க வேண்டும் என்று நீ எதிர்பார்த்ததே தப்பு. அவர் ஒன்றும் பதறவில்லை. "டப்பா எங்க இருக்கு?" என்று கேட்டார். அப்புறம் நாற்காலியைப் போட்டு ஏறினார். அவருக்கு நாற்காலி மேல் நின்றாலே தலை சுற்றும், உனக்குத் தெரியும். பரண் மேலிருந்து அந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் தூசி தட்டி, சமையல் மேடையில் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இந்த டப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், சுகந்தியும் ஒருநாள் இதைப் படிப்பாள். உனக்கு நடை வந்ததிலிருந்தே மலைப் பைத்தியம். லீவு நாள் வந்தால் நமக்கு சினிமா கிடையாது, கடைத்தெரு கிடையாது, ஏதாவது ஒரு மலை. திருவெறும்பூர், உய்யக்கொண்டான் திருமலை, விராலிமலை, நார்த்தாமலை, துறையூர்ப் பக்கம் பெருமாள்மலை என்று ஒவ்வொன்றாக ஏறி, "இது முடிஞ்சுது, அடுத்து எது?" என்பாய். மலைக்கோட்டையைக் கணக்கில் சேர்க்கவே மாட்டாய். அது மலையில்லையாம், நம் வீட்டு மாடியாம். நீ முன்னால் ஓடிப்போய், பசிக்கிறது என்று டப்பாவைத் திறந்து பாதியைத் தின்றுவிடுவாய். நான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும்போது விராலிமலைக் குரங்கு மீதியை முடித்திருக்கும். அன்றைக்குத்தான் சட்டம் போட்டேன். முதலில் ஓடுகிறவன் டப்பாவைச் சுமக்க வேண்டும், உச்சிக்குக் கடைசியாக வந்து சேருகிறவர்தான் மூடியைத் திறக்க வேண்டும், எல்லாரும் வந்து சேராமல் ஒரு பருக்கை கிடையாது. கடைசி ஆள் எப்போதும் நான்தான். உச்சியில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணால் என்னை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

உங்கப்பாவுக்கு மட்டும் விதிவிலக்கு. அவருக்குத் தனி டப்பா, தனி இடம், செருப்புகளுக்குக் காவல். கல்யாணமான புதிதில் என்னோடு மலைக்கோட்டைக்கு வந்தார். பாதியில் கீழே எட்டிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போய், "நீ போயிட்டு வா, நான் செருப்புகிட்ட இருக்கேன்" என்று இறங்கிவிட்டார். நான் மேலே போய்ப் பிள்ளையாரை நன்றாகக் கும்பிட்டு, காற்று வாங்கி, நிதானமாக இறங்கி வந்து அவர் நெற்றியில் விபூதி வைத்தேன். அன்றைக்கு ஏற்றுக்கொண்ட காவல் வேலை இன்றைக்கும் அவருடையது.

சனிக்கிழமை காலை திருவெறும்பூர் எறும்பீஸ்வரர் மலையில் நீ சுலபமாக ஏறிவிட்டாய். சின்ன மலைதான், ஆனாலும் எனக்குப் பாதி உயிர் வந்தது. சாயங்காலம் மலைக்கோட்டைக்குப் போனபோதுதான் எனக்குப் புத்தி கெட்டது. குகை மாதிரி இருக்கிற அந்தப் படியில் நீ ஒவ்வொரு படிக்கும் இடது காலை முன்னால் வைத்து, வலது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து ஏறிக்கொண்டிருந்தாய். பின்னால் வந்த கூட்டம் நம்மைத் தாண்டிப் போனது. உன் பிடரியில் வேர்வை. இவன் நிற்க மாட்டான், நின்றால் தோற்றுவிட்டதாக நினைப்பான், நான் நின்றால் இவனும் நிற்பான் என்று கணக்குப் போட்டேன். "முட்டி வலிக்குதுடா, செத்த உக்காரலாம்" என்று வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீயும் உட்கார்ந்தாய். அடடா, நன்றாக வேலை செய்கிறதே என்று தாயுமானவர் சந்நிதி தாண்டியும் உட்கார்ந்தேன். அப்போது என் பக்கம் திரும்பிக் கேட்டாய்.

"காலையில எறும்பீஸ்வரர் கோயில்ல ரெண்டு ரெண்டு படியா நீ ஏறினியே?"

"அது காலையில. இப்பதான் வலி எடுத்துடுச்சு."

"கீழ வலது முட்டியப் பிடிச்சுக்கிட்ட. இப்ப இடது முட்டியப் பிடிச்சுக்கிட்டிருக்க."

நான் அவசரமாகக் கையை மாற்றினேன். அதற்கு நீ சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். நீ சிரிக்கவில்லை. "அம்மா, நாளைக்கு இப்படிப் பண்ணாத. நீ எனக்காக உக்காந்தா நான் ஏறினதாவே ஆகாது" என்றாய். உன் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கெஞ்சல் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு அது தாங்காது. அப்போதே எழுந்து விறுவிறு என்று உனக்கு முன்னால் ஏறிப்போய்விட்டேன். உச்சிப் பிள்ளையார் வாசலில் நின்று, காற்றில் புடவையைப் பிடித்துக்கொண்டு, காவிரியையும் அந்தப் பக்கம் நம் ராஜகோபுரத்தையும் பார்க்கிற மாதிரி நின்றேன். எதையும் பார்க்கவில்லை. உன் காலடிச் சத்தத்துக்குத்தான் காத்திருந்தேன். நீ கடைசியாக வந்தாய். நான் சுண்டல் டப்பாவை நீட்டினேன். சட்டம் போட்ட பிறகு முதல் தடவையாக மூடியை நீ திறந்தாய். இருவருக்குமே அது தெரிந்தது, இருவருமே கோபுரத்தைப் பற்றிப் பேசினோம்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு உனக்கும் எனக்கும் பழகிய ஏற்பாடு. காலையில் குளித்தலையில் கடம்பர், மத்தியானம் அய்யர்மலையில் சொக்கர், பொழுது சாய்கிற நேரம் ஆற்றைத் தாண்டி ஈங்கோய்மலை. ஒரே நாளில் மூன்று கோயில், இரண்டு மலை. கார்த்திகைத் திங்கட்கிழமைகளில் ஊரே திரண்டு போகும். அந்தக் கூட்டத்துக்குப் பயந்து நாம் முந்தின நாளே போய்விடுவோம். இந்த முறை ஒரு புது ஆள் சேர்ந்தது. நீ மலைக்குப் போவதை சுகந்தியிடம் சொல்லியிருக்கிறாய், எதற்காகப் போகிறாய் என்பதைச் சொல்லவில்லை. அவள் குழந்தை மாதிரி "நானும் வரேன்" என்று சொல்லிவிட்டாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நமக்காகக் காத்திருந்தாளே, தலையை இறுக்கிப் பின்னி, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு! காரில் ஏறியதும், "அத்தை, எவ்ளோ படி இருக்கும்?" என்றாள். "ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல" என்றேன். "எங்க லேப் ரெண்டாவது மாடிலதான் இருக்கு. அதுக்கே லிஃப்ட்ல போறவ நான்" என்று சொல்லிச் சிரித்தாள். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த நீ சிரிக்கவில்லை. உங்கப்பா வண்டியை எப்போதையும்விட மெதுவாக ஓட்டினார். முக்கொம்பு தாண்டும்போது ஒரு மாட்டு வண்டி நம்மை முந்திவிடுமோ என்று பயமாக இருந்தது.

கடம்பரிடம் நான் என்ன வேண்டினேன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அய்யர்மலை அடிவாரத்தில் உங்கப்பா டீக்கடை பெஞ்சில் இடம் பிடித்துச் செருப்புகளை வரிசையாக வைத்துக்கொண்டார். மேலே போகிற கம்பியை அண்ணாந்து பார்த்து, "ரோப் கார்லாம் விட்ருக்கான் போலருக்கே" என்று பொதுவாகச் சொன்னார். நீ ஒரு பார்வை பார்த்தாய். மனிதர் உடனே பேப்பரை விரித்துக்கொண்டார். நீ புளியோதரை டப்பாவைப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டாய். நான் அன்றைக்கு முட்டியைத் தொடுவதில்லை, வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அப்படியே இருந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது, உங்கப்பாவைக் கேட்டுப் பார்.

நீ முன்னால், சுகந்தி நடுவில், நான் பின்னால். ஆரம்பத்தில் முந்தின நாள் மாதிரியே இடது கால், பக்கத்தில் வலது கால் என்று ஏறினாய். கொஞ்ச தூரம் போனதும் ஒரு மண்டபத்தில் நின்று தண்ணீர் குடித்தாய். அதற்கு மேல் என்ன ஆயிற்றோ, வலது காலையும் அடுத்த படியில் தனியாக வைக்க ஆரம்பித்தாய். இடது, வலது, இடது, வலது. எல்லாரையும் போல. உனக்கே அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கண்ணீரில் படி மறைந்தது, துடைத்துக்கொண்டேன். குழந்தையில் நீ முதன்முதலில் நடந்தபோது கூட நான் அழவில்லை, அன்றைக்கு வீட்டில் விருந்தாளிகள், வேலை சரியாக இருந்தது. இதை மட்டும் யாரும் கெடுத்துவிடக் கூடாது, குரங்கு குறுக்கே வரக் கூடாது, மழை வரக் கூடாது, போன் அடிக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாக வேண்டிக்கொண்டே வந்தேன். சுகந்தியைப் பற்றி எனக்கு ஞாபகமே இல்லை, அதுதான் உண்மை.

உச்சி மதில் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த இடத்தில் அவள் நின்றாள். "அத்தை, கண்ண இருட்டுது" என்று சொல்லி அப்படியே என் தோளைப் பிடித்துக்கொண்டாள். முந்தின நாள் நான் ஆடிய நாடகம் இல்லை இது. முகம் வெளுத்து, உதடெல்லாம் காய்ந்து, கை சில்லிட்டுப் போயிருந்தது. பக்கத்திலிருந்த மண்டபத்து நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் தெளித்தேன். நீ மேலே கொஞ்ச தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தாய். அவள் உன்னைப் பார்த்துக் கையாட்டினாள். "நீங்க போங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. நடை சாத்திடப் போறாங்க, போயிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

நானும் சொன்னேன். "நீ போடா, நான் இவளப் பாத்துக்கறேன்." ஒப்புக்குச் சொல்லவில்லை தம்பி, உயிரைக் கொடுத்துச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் படிதான். நீ மட்டும் போய்த் தொட்டுவிட்டு வந்தால் போதும், தையில் கல்யாணம். இல்லாவிட்டால் ராத்திரி நீ இந்தப் பெண்ணிடம் என்ன பேசப் போகிறாய் என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஒன்றும் அறியாத பிள்ளை தன் கல்யாணத்துக்குத் தானே குறுக்கே உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டே முந்தானையால் அவளுக்கு விசிறினேன். நீ அண்ணாந்து மதிலைப் பார்த்தாய். திரும்பி மேலே நாலைந்து படி ஏறினாய். எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் நின்றாய்.

நின்று, திரும்பி, பக்கத்துப் பாறையைக் கையால் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தாய். ஏறுவதைவிட இறங்குவதுதான் உனக்குக் கஷ்டம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"காபி."

"காபி மட்டுமா?"

"கோயிலுக்குப் போறோமேன்னு ஒண்ணும் சாப்பிடல."

"லேப்ல வேலை பாக்கறவ பேசற பேச்சா இது?" என்று திட்டிக்கொண்டே பையைக் கழற்றினாய். டப்பாவை வெளியே எடுத்தாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டம் போட்ட இத்தனை வருஷத்தில் உச்சிக்கு முன்னால் அந்த டப்பா திறந்ததே இல்லை. என்னை அறியாமல், "டேய், இன்னும் உச்சி வரலடா" என்றேன். நீ என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லாரும் வந்தாச்சும்மா" என்று சொல்லி, டப்பாவை சுகந்தி மடியில் வைத்தாய். "கடைசியா வந்தவங்கதான் திறக்கணும். எங்க வீட்டுப் பழக்கம். நீ திற."

அவளுக்கு அந்தப் பழைய கிளிப்பைத் திறக்கத் தெரியவில்லை, நகம் வழுக்கியது. நீ உதவி செய்யவில்லை, பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். மூடி திறந்ததும் புளியோதரை வாசனைக்கு எதிர்ப்பாறையில் இருந்த குரங்கு தலையைத் தூக்கியது. நாம் மூன்று பேரும் ஒரே டப்பாவில் கை வைத்துச் சாப்பிட்டோம். நான்கு வாய் உள்ளே போனதும் அவள் முகத்துக்கு நிறம் திரும்பியது. "அத்தை, செம டேஸ்ட்" என்றாள். பாதிக்கு மேல் அவளே காலி செய்தாள். போச்சு, எல்லாம் போச்சு, இவ்வளவு தூரம் வந்து இப்படி ஆகிவிட்டதே என்று கடலையை மென்றுகொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு, மார்க்கெட்டுக்குப் போனால் கருவேப்பிலை வாங்கி வா என்று சொல்கிற குரலில் சொன்னாய். "அம்மா, தையில நல்ல நாள் பாக்கச் சொல்லு."

எனக்குப் புரை ஏறிவிட்டது. சுகந்தி என் தலையைத் தட்டிக்கொண்டே, "யாருக்கு?" என்றாள். "நமக்குத்தான்" என்றாய். அவள் தட்டுகிற கையை நிறுத்திவிட்டு உன்னையே பார்த்தாள். "அப்ப உங்க கால்?" என்றாள். "நல்லாத்தான் இருக்கு. இப்பதான் பாத்தேன்" என்றாய். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குரங்குக்கு ஒரு கை சோறு போட்டாள். காதெல்லாம் சிவந்திருந்தது. நான் அப்போது அங்கே இருந்திருக்கக் கூடாது, ஆனால் அந்த மண்டபத்தில் வேறு எங்கே போவது? தூணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது உன்னைத் திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன், நல்ல காரியத்துக்கு முன்னால் மிச்சம் வைக்கக் கூடாது. பரீட்சை எழுதுகிறவன் நீ, ரிசல்ட் மட்டும் அவளுக்கு என்றால் அது என்ன நியாயம்? அப்படி ஒரு பரீட்சை நடக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. நீ உச்சிக்குப் போகவில்லை என்று ராத்திரி போய் அவளிடம், "வேற எடம் பாத்துக்க" என்று சொல்லியிருந்தால் அவள் உன்னைக் கன்னத்தில் அறைந்திருப்பாள், நான் அவள் பக்கம்தான் நின்றிருப்பேன். கல்யாணத்துக்கு அப்புறமும் உனக்கு ஆபீசில், உடம்பில், கையிருப்பில் ஏதாவது ஒரு சங்கடம் வரும். அப்போது தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து, இது நடந்தால் அது, நடக்காவிட்டால் இது என்று மனசுக்குள் நிபந்தனை போடாதே. வாயைத் திறந்து அவளிடம் சொல். உன்னை மாதிரியே வாயைத் திறக்காத ஒரு மனிதரோடு குடித்தனம் நடத்தியவள் சொல்கிறேன், கேட்டுக்கொள். இந்த விஷயத்தையும் நீயே அவளிடம் சொல்லிவிடு. அவள் இரண்டு நாள் பேசமாட்டாள், மூன்றாவது நாள் பேசுவாள். நான் சொல்லித் தெரிந்தால் இரண்டு பேரோடும் பேசமாட்டாள்.

திட்டி முடித்தாயிற்று. இனி மனசில் இருப்பதைச் சொல்கிறேன். நீ அந்த நாலைந்து படியைத் திரும்ப இறங்கி வந்தாயே, அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். எனக்கு உன்மேல் அன்பு உண்டு, அது இல்லாத அம்மா யார்? அன்றைக்கு எனக்கு உன்மேல் மரியாதை வந்தது. கல்யாணமான புதிதில் மலைக்கோட்டையில் உங்கப்பா முகம் வெளுத்து இறங்கியபோது எனக்குத் திரும்பி இறங்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவரும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை. உன்னைப் பார்த்த பிறகுதான் இப்படியும் செய்திருக்கலாமே என்று பட்டது. என்னிடமிருந்து உனக்கு வந்த குணம் இல்லை அது. செருப்புக்குக் காவல் இருந்தவரிடமிருந்து வந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும், ஆனால் ஒன்று தெரியாது. நாம் கீழே இறங்கி வந்தபோது அவர் பெஞ்சை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். நாம் கண்ணில் படுகிற வரைக்கும் உட்காரவே இல்லை என்று டீக்கடைக்காரர் பிறகு என்னிடம் சொன்னார். ஊற்றிய டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது. நீ போட்ட நிபந்தனை அவருக்குத் தெரியும் என்பது அப்போது உனக்குத் தெரியாது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலே போனாயா, சாமி பார்த்தாயா, கால் வலிக்கிறதா, எதுவும் இல்லை. நேராக உன் முதுகுப் பையை வாங்கினார். சுமக்க வாங்குகிறார் என்றுதான் நீ நினைத்திருப்பாய். உள்ளே கைவிட்டு டப்பாவை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார். சத்தமே இல்லை. கிளிப்பைத் திறந்து பார்த்தார்.

"காலி" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "அப்ப உச்சிக்குப் போயாச்சு."

விவரம் தெரியாத சுகந்தி, "இல்ல மாமா, நாங்க பாதிலயே" என்று ஆரம்பித்தாள். நீ அவள் கையைப் பிடித்தாய். "போயாச்சுப்பா" என்றாய். உங்கப்பா சட்டென்று குனிந்துவிட்டார். குனிந்து நம் ஒவ்வொருவர் செருப்பாக எடுத்து அவரவர் கால் முன்னால் வைத்தார். வெயில் படாமல் இருக்க சுகந்தி செருப்பின்மேல் தன் துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்னா வெயிலு, கார்த்திகை மாசத்துல" என்று சொல்லி அந்தத் துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாயங்காலம் ஈங்கோய்மலை?" என்று கேட்டார். "இன்னொரு நாள் நாலு பேருமா வரலாம்ப்பா" என்றாய். அவர் மறுக்கவில்லை என்பதை நீ கவனித்தாயா?

வந்ததிலிருந்து அபார்ட்மெண்ட் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாட்ச்மேனிடம் சொல்லியாயிற்று, மேல் வீட்டுக்குச் சொல்லியாயிற்று, இஸ்திரி போடுகிறவரையும் விடவில்லை. "பையன் அய்யர்மலை ஏறிட்டாங்க. உச்சி வரைக்கும்." இந்த மனிதரா இவ்வளவு பேசுகிறார் என்று நான் கதவுப் பக்கம் நின்று கேட்கிறேன். இன்று காலை டப்பாவைக் கழுவித் துடைத்துப் பரணில் வைக்க நாற்காலியை இழுத்தேன். "எதுக்கு மேல? கீழயே இருக்கட்டும், கைக்கு எட்டற எடத்துல" என்றார்.

அவரிடம் நான் உண்மையைச் சொல்லப்போவதில்லை, நீயும் சொல்லாதே. பொய் சொன்னதாகவும் எனக்குத் தோன்றவில்லை. எல்லாரும் வந்து சேர்ந்தோம். கடைசியாக வந்தவள் மூடியைத் திறந்தாள். டப்பா காலி. நம் வீட்டுச் சட்டப்படி அது உச்சிதான்.

அம்மா